நாற்பத்தெட்டாம் வண்டி கூப்பிடுகிறது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ராத்திரியில் நடந்ததில்லை. கரண்ட் போன நேரத்திலோ, ஆளில்லாத பங்களாவிலோ நடந்ததில்லை. கோச்சபாம்பாவில், கார்னிவல் சனிக்கிழமை, பட்டப்பகலில், ஊரே பேண்டு வாத்தியத்தோடு தெருவில் ஆடிக்கொண்டிருந்தபோது நடந்தது.

நடந்தது சுல்மா கமாச்சோவுக்கு. அவளை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். பொய்யே சொல்லாதவள் என்று சொல்லமாட்டேன். தேவைப்பட்டால் எல்லோரையும் போல அவளும் சொல்வாள். ஆனால் உட்கார்ந்து கதை கட்டுகிற பொறுமை அவளுக்குக் கிடையாது. பஸ் இரண்டு நிமிஷம் தாமதமானால் நடந்தே போய்விடுகிற பொம்பளை அவள். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அங்கேதான் சுல்மாவுக்கு வேலை. பொலிவியா முழுக்க ஆபீஸ்கள் தூக்கிப் போடுகிற கம்ப்யூட்டர்கள் அங்கே வந்து சேரும். அவற்றின் ஹார்டு டிஸ்க்குகளைக் கழற்றி, உள்ளே இருப்பதைத் துடைத்து அழித்து, திரும்ப மாட்டிப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புவார்கள். அழிப்பது என்றால் பட்டனைத் தட்டி டெலீட் செய்வது இல்லை. அப்படிச் செய்தால் பழையது எல்லாம் அடியில் அப்படியே கிடக்கும். டிஸ்க் முழுவதும், ஒரு மூலை விடாமல், வெறும் பூஜ்யத்தை எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகு, உண்மையிலேயே பூஜ்யம்தானா என்று முதலிலிருந்து படித்துப் பார்க்க வேண்டும். மணிக்கணக்கில் ஆகும். அதனால் பெரிய ரேக்கில் இருபத்துநான்கு டிஸ்க்குகளை ஒரே நேரத்தில் சொருகி ஓட விடுவார்கள். ஓடும்போது மஞ்சள் விளக்கு. முடிந்தால் பச்சை. நின்றுபோனால் சிவப்பு. கூடவே ஒரு 'பீப்'.

அன்றைக்கு ஓடியது கடைசி ரேக். பொத்தோசி மலைப் பள்ளிகளுக்கு முந்நூறு கம்ப்யூட்டர் போக வேண்டும். பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை லாரி கிளம்புகிறது. ஊரெல்லாம் லீவு, சுல்மாவுக்கு மட்டும் வேலை.

காலையில் கதவைத் திறந்தபோதே அவளுக்கு எரிச்சல். முந்தின நாள் முதலாளி தோன் காஸ்தோ, கார்னிவல் வழக்கப்படி, பூமித்தாயைக் கும்பிட்டு ரேக்குகளுக்குப் பூஜை போட்டிருந்தார். வண்ணக் காகிதச் சுருள்களைக் கட்டி, மூலைக்கு மூலை பீர் தெளித்து, பொடிக் காகிதத்தைக் கை நிறைய அள்ளி வீசியிருந்தார். பூமித்தாய்க்குச் சந்தோஷமாக இருந்திருக்கலாம். காற்றாடிகளுக்கு இல்லை. ஒவ்வொரு காற்றாடியிலும் காகிதம் சிக்கி 'கிர்ர்' என்று கத்தியது. அதையெல்லாம் ஊதி எடுக்கவே ஒரு மணி நேரம் போனது.

அடுத்த எரிச்சல் வால்தோ. கூட வேலை செய்கிறவன். எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னவன் பதினொரு மணிக்கு வந்தான். தலை முழுக்கத் தெருவில் பீய்ச்சிய நுரை, சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளித் தண்ணீர் வரும். பாதி ரேக்கைச் சொருகிவிட்டு, அவனுடைய ஆட்டக் கோஷ்டி மூலையில் காத்திருக்கிறது, ஒரே ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று கிளம்பிவிட்டான். அந்த ஒரு மணி நேரம் எப்போது முடியும் என்று சுல்மாவுக்குத் தெரியும்.

மீதியை அவளே சொருகினாள். ஓடவிட்டாள். ஒரு மணி வாக்கில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

பீப்.

ஏழாவது துளை. சிவப்பு.

பாதிக்கு மேல் ஓடி நின்றிருந்தது. சகஜம்தான். எழுந்து போய் மறுபடி ஓடவிட்டாள். திரும்பி வந்து ஒரு வாய் வைத்துவிட்டு, லாரிக்குப் பெட்டி கட்டப் போனாள்.

பீப்.

இந்தத் தடவை கால்வாசிகூட வரவில்லை. கேபிளை மாற்றினாள். நின்றது. ஏழிலிருந்து உருவிப் பன்னிரண்டில் சொருகினாள். கொஞ்சமே ஓடி நின்றது. பன்னிரண்டில் ஏற்கெனவே இருந்த டிஸ்க்கை ஏழுக்கு மாற்றியிருந்தாள். அது அங்கே ஒழுங்காக ஓடியது. ஆக, துளையில் கோளாறு இல்லை. டிஸ்க்கில்தான்.

ஆனால் கெட்டுப்போன டிஸ்க் இப்படி நிற்காது. காயம்பட்ட இடம் ஒன்று இருக்கும். ஒவ்வொரு தடவையும் அங்கேதான் வந்து திக்கும். இதுவோ ஒவ்வொரு தடவையும் முன்னைவிடச் சீக்கிரமாக நின்றது. பொறுமை போய்க்கொண்டிருக்கிற ஆள் மாதிரி.

பொட்டலத்தில் இருந்த சில்பாஞ்சோ ஆறிப் போனது. இறைச்சியின் மேல் முட்டை தோல் கட்டிவிட்டது. பொட்டலத்தை மூடித் தள்ளி வைத்தாள்.

தோன் காஸ்தோவுக்குப் போன் போட்டாள். ஒரு டிஸ்க் போச்சு, ஓட்டை போட்டுத் தூக்கி எறிந்துவிடட்டுமா என்று கேட்டாள். எறிந்தால் முந்நூறுக்கு ஒன்று குறையும், லீவு நாளில் வேறு டிஸ்க்குக்கு எங்கே போவது, எப்படியாவது ஓட வை என்றார் அவர். பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம், தட்டு சத்தம். அவர் வீட்டில் விருந்து.

வால்தோவுக்குப் போட்டாள். ஆறாவது தடவைதான் எடுத்தான். 'தோன்யா' என்று மரியாதைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

"ஒரு டிஸ்க்குக்குப் போயி ஏன் தோன்யா சுல்மா இவ்ளோ டென்ஷன்? நேத்து தெளிச்ச பீர் அதுக்குக் கிடைச்சிருக்காது. கொஞ்சம் ஊத்திப் பாருங்க."

"நீ வா, உன் தலைல ஊத்துறேன்."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

அவள் திரும்பிப் போய் டிஸ்க்கை உருவினாள். அப்போதுதான் முதல் தடவையாகக் கவனித்தாள்.

டிஸ்க் சில்லென்று இருந்தது.

மணிக்கணக்கில் ஓடிய டிஸ்க் இஸ்திரி போட்ட துணி மாதிரி சுடும். மற்ற இருபத்துமூன்றும் சுட்டன. இது மட்டும் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டில் மாதிரி இருந்தது. மேல் தகட்டில் ஈரம் பூத்திருந்தது. பொடிக் காகிதம் இரண்டு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. பாவாடையில் துடைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி ஈரம் படர்ந்தது. மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி. பனி மாதிரி.

பீர் உள்ளே போயிருக்கும் என்று நினைத்தாள். முதலாளியைத் திட்டினாள். சொருகினாள்.

இந்தத் தடவை ஓடத் தொடங்கும்போதே ஒரு சத்தம்.

கர்... கர்ர்... கர்.

நின்றது.

கர்... கர்ர்... கர்.

டிஸ்க்கின் உள்ளே முள் நகருகிற சத்தம் அவளுக்குப் பழகினதுதான். அதற்கு ஒழுங்கு கிடையாது. இதற்கு இருந்தது. மூன்று முறை கரகரக்கும். பிறகு சும்மா இருக்கும். பிறகு மறுபடி அதே மூன்று. எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

ரேடியோ டாக்ஸி.

இந்த ஊரில் டாக்ஸியில் ஏறிய எவருக்கும் தெரியும். டிரைவர் மைக்கில் ஆபீஸைச் 'சென்ட்ரல்' என்று கூப்பிடுவான். பதிலுக்காகக் காத்திருப்பான். பதில் வராவிட்டால் மறுபடி கூப்பிடுவான். அதே தாளம். வார்த்தைகள்தான் புரியவில்லை... பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை. கோபம் வந்தது. வால்தோ வாக்கி-டாக்கி எதையோ ஒளித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று முடிவு செய்தாள். ரேக்குக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். மேஜைக்கு அடியில் குனிந்தாள். அவன் பையைத் தரையில் கொட்டினாள். ஒரு சீப்பு, ஈரத் துண்டு, பாதி தின்ற ரொட்டி. வேறொன்றும் இல்லை.

பீப்.

இந்த முறை அது ஓடவே இல்லை. பூஜ்யத்திலேயே சிவப்பு.

போதும் என்று இருந்தது அவளுக்கு. முந்நூறோ, இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதோ, எதுவாக இருந்தாலும் போதும். டிஸ்க்கை உருவினாள். சத்தம் நின்றது. அதைத் தூக்கிக்கொண்டு கொட்டகையின் கோடிக்குப் போனாள். அங்கேதான் டிரில் மிஷின். ஆகாத டிஸ்க்குகளின் நெஞ்சில் ஓட்டை போட்டு எறிவதற்கு.

இடுக்கியில் வைத்து முறுக்கினாள். கைப்பிடியைப் பிடித்தாள். மணி மூன்று இருபது. தெருவில் ஊர்வலம் எங்கேயோ நின்றிருக்க வேண்டும்... பேண்டுச் சத்தம் சட்டென்று ஓய்ந்தது.

கர்...

கை நின்றது.

டிஸ்க்கில் வயர் இல்லை. கரண்ட் இல்லை. இடுக்கியில் கிடக்கிற வெறும் இரும்புக் கட்டி.

கர்ர்...

"சென்ட்ரல்."

ஆண் குரல். மெல்லிசாக. அந்தக் கட்டிக்குள்ளிருந்து.

"சென்ட்ரல். நாப்பத்தெட்டு பேசுறேன். கேக்குதா."

சுல்மா கைப்பிடியை விட்டு, இடுக்கியின் மேல் கையை வைத்தாள்.

"சென்ட்ரல்..."

கெஞ்சுகிற குரல் இல்லை அது. அழுகிற குரல் இல்லை. காலையிலிருந்து வரிசையில் நின்று, தன் முறை வரும்போது ஜன்னலைச் சாத்திவிட்டார்களே, அந்த ஆளின் குரல்.

"எத்தனை தடவைதான் கூப்பிடறது? அங்க ஆளு இருக்கா, இல்லையா?"

ஏன் அப்படிச் செய்தாள் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. பயந்துதான் போயிருந்தாள். ஆனால் காலையிலிருந்து சேர்ந்த எரிச்சல் எல்லாம் ஒன்றாக வாயில் வந்து நின்றது.

"இருக்கு. கேக்குது. எங்க இருக்கீங்க, சொல்லித் தொலைங்க."

கரகரப்பு நின்றது.

கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு...

"அப்பாடா."

ஒரு பெருமூச்சு. அது அவள் விரல்மேல் சில்லென்று பட்டது.

"கொலோமி தாண்டி. 'கிறிஸ்து வருகிறார்'னு எழுதின பாறை. அதுக்கு நேரா கீழ."

கர்ர்...

"பனி. ரோடே தெரியல."

...

"பின் சீட்டு அம்மா பேசிட்டே இருந்தாங்க. இப்ப பேசல."

...

"ஆளனுப்புங்க. சீக்கிரம்."

"அனுப்புறேன்," என்றாள் சுல்மா.

அவ்வளவுதான்.

தெருவில் பேண்டு மறுபடி தொடங்கியது. அவள் இடுக்கியைத் தளர்த்தினாள். கையில் எடுத்தாள். டிஸ்க்கில் ஈரம் இல்லை. மெல்ல மெல்ல, உள்ளங்கைச் சூட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

என்ன செய்வது என்று தெரியாமல், தெரிந்த ஒரே வேலையைச் செய்தாள். போய் ரேக்கில் சொருகினாள். அது ஓடியது. திக்காமல், கரகரக்காமல், எல்லா டிஸ்க்கையும் போல ஓடியது. அவள் வாசலில் போய், தெருவுக்கு முதுகைக் காட்டி, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆடிக்கொண்டு போனவர்கள் அவள்மேல் நுரையைப் பீய்ச்சினார்கள். அவள் துடைக்கவில்லை.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பச்சை விளக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் வால்தோ வந்தான். ஏதோ கிண்டல் செய்யப் போனவன், அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். எல்லாவற்றையும் கேட்டான். நம்பியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த டிஸ்க்கை லாரியில் ஏற்ற அவனுக்கு மனசு வரவில்லை. தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து, உட்கார்ந்து அழித்து, முந்நூறைச் சரிக்கட்டினான். ஆடப் போனதற்கு அவன் கேட்ட மன்னிப்பு அதுதான் என்று சுல்மா சொல்வாள்.

மறுநாள் அவள் தோன் காஸ்தோவை விடவில்லை. அந்த டிஸ்க் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். மூடிப்போன ஒரு ரேடியோ டாக்ஸி கம்பெனி, ஆபீஸில் இருந்ததை எல்லாம் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தது என்றார். சுல்மா கேட்கச் சொன்னபடி, அந்த டாக்ஸிக் கம்பெனியின் பழைய முதலாளிக்குப் போன் போட்டு நாற்பத்தெட்டாம் வண்டியைப் பற்றிக் கேட்டார். அவர் எதையும் மறந்திருக்கவில்லை.

நாற்பத்தெட்டாம் வண்டியை ஓட்டியவன் ஹெரால்தோ வெய்சாகா. ஏழு வருஷத்துக்கு முன்னால், ஒரு ராத்திரி, வயசான ஒரு அம்மாவை ஏற்றிக்கொண்டு கொலோமி வழியாகச் சப்பாரே பக்கம் போனான். போனவன்தான். வண்டியும் இல்லை, ஆளும் இல்லை, அந்த அம்மாவும் இல்லை. அந்த அம்மாவைக் கொன்று, நகையைப் பிடுங்கி, வண்டியை விற்றுவிட்டு, காட்டுப் பக்கம் எவளோடோ குடித்தனம் நடத்துகிறான் என்று ஊர் பேசியது. போலீஸும் அப்படித்தான் நினைத்தது. அவன் பெண்டாட்டி பெத்சபே, ஊரில் இருக்கிற கான்ச்சா சந்தையில் உருளைக்கிழங்கு விற்கிறாள். ஏழு வருஷமாக அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் விற்கிறாள்.

கார்னிவல் முடிந்த சாம்பல் புதன்கிழமை சுல்மா சந்தைக்குப் போனாள். பைத்தியம் என்று விரட்டுவாள் என்று நினைத்தே போனாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். பெத்சபே கிழங்கிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"குரலு எப்படிங்க இருந்துச்சு?"

சுல்மா தயங்கினாள். அந்த மாதிரி நேரத்தில் வேறு எதையாவது சொல்லலாமா என்று யோசித்தாள். தோன்றவில்லை.

"கோவமா இருந்துச்சு. என்னைத் திட்டற மாதிரி."

பெத்சபே தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது.

"அப்ப அவருதான்," என்றாள். "வீட்டுலயும் அப்படித்தான். ரெண்டாந் தடவை கூப்பிட வச்சா அவருக்கு ஆகாது."

போலீஸ் வரவில்லை. பெத்சபேயின் அண்ணன்மார் இரண்டு பேரும், கயிறு கட்டி இறங்கத் தெரிந்த தன்னார்வலர்கள் சிலரும் போனார்கள். கொலோமி தாண்டி, பாறையில் வெள்ளைச் சுண்ணாம்பில் அந்த எழுத்து இன்னும் இருந்தது. கீழே மரம் மூடிய பள்ளம். ரோட்டிலிருந்து பார்த்தால் இலையைத் தவிர ஒன்றும் தெரியாது. ஏழு வருஷமாக ஆயிரக்கணக்கான வண்டிகள் அந்த இடத்தைக் கடந்து போயிருக்கின்றன.

வெள்ளை டொயோட்டா தலைகீழாகக் கிடந்தது. இரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள். அந்த அம்மாவின் கைப்பை அவர் தோளிலேயே மாட்டியிருந்தது. வளையல், தோடு எல்லாம் அதில் இருந்தன. ரேடியோ மைக்கின் வயர் ஹெரால்தோவின் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது.

ஊர் வாயை மூடிக்கொண்டது.

எல்லோரும் ஒரு விளக்கம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு ராத்திரி அவன் கூப்பிட்டது கம்பெனிக் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும், அது அந்த டிஸ்க்கில் கிடந்திருக்கும், எப்படியோ சுல்மாவுக்குக் கேட்டுவிட்டது. வால்தோவுக்கும் அதில் ஒரு நிம்மதி. வயர் இல்லாமல் எப்படிக் கேட்டது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அடக்கத்துக்கு டாக்ஸிக் கம்பெனியின் பழைய முதலாளியும் வந்திருந்தார். சுல்மா அவரிடம் பதிவைப் பற்றிக் கேட்டாள். அவர் விழித்தார். எங்கள் கம்பெனியில் பேச்சைப் பதிவு செய்கிற வசதியே கிடையாது என்றார். அந்தப் பள்ளத்திலிருந்து சிக்னலும் ஏறாது. அன்றைக்கு ராத்திரி ஆபீஸில் அவரேதான் உட்கார்ந்திருந்தார், ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அடுத்த திங்கள்கிழமை வால்தோ அந்த டிஸ்க்கை மேஜையில் வைத்துச் சொருகினான். சுல்மா பக்கத்தில் நின்றாள். உள்ளே பூஜ்யம்தான், ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் பூஜ்யம். அவன் வேறொன்றைப் பார்க்க நினைத்தான். பிறந்ததிலிருந்து எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறோம் என்று ஒவ்வொரு டிஸ்க்கும் தனக்குள்ளேயே ஒரு கணக்கு வைத்திருக்கும். எத்தனை தடவை அழித்தாலும் அது அழியாது. ஆபீஸில் கிடந்த டிஸ்க் என்றால் இருபதாயிரம், முப்பதாயிரம் என்று காட்டும்.

ஏழு என்று காட்டியது.

கொட்டகையில் அந்தச் சனிக்கிழமை ஓடிய ஏழு மணி நேரம். அதற்கு முன்னால் அந்த டிஸ்க் ஒரு தடவைகூடச் சுழன்றதே இல்லை. யாரும் அதில் எதையும் எழுதியதே இல்லை.

தோன் காஸ்தோ அந்தப் பழைய முதலாளிக்கு மறுபடி போன் போட்டுக் கேட்டார். ஆமாம், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு புது டிஸ்க் வாங்கி மேஜை டிராயரில் போட்டிருந்தேன், ஒரு தடவைகூடச் சொருகிப் பார்க்கவில்லை, மூட்டையில் அதுவும் போயிருக்கும் என்றார் அவர். எப்போது வாங்கினது என்று கேட்டதற்கு, சரியாக ஞாபகமில்லை, ஹெரால்தோ காணாமல் போய் ஒரு இரண்டு வருஷம் கழித்து இருக்கும் என்றார்.

சுல்மா திரையில் இருந்த அந்த எண்ணின்மேல் விரலை வைத்தாள்.

"அதுல அழிக்கறதுக்கு ஒண்ணுமே இருக்கலியேடா," என்றாள்.

வால்தோ கையை நீட்டித் திரையை அணைத்தான்.